பங்களாக் கட்டிலுக்கு ஒரு மெத்தை

இரண்டாவது மெத்தையும் கட்டிலுக்குப் பொருந்தவில்லை. முதலாவது பெரிதாக இருந்தது. இது சிறிதாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் தூறல் விடாமல் விழுந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஜீப்பின் கூரைமேல் கட்டிக் கொண்டுவந்த மெத்தையை, மலைக்கும் ஊருக்கும் ஜீப் ஓட்டும் குமரேசனும் அவனுடைய அக்கா மாணிக்கம்மாளும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து வீட்டுக்குள் கொண்டுபோய் இறக்கினார்கள். தலைமாட்டில் முட்டியது. கால்மாட்டில் நான்கு விரல் இடம் காலியாகக் கிடந்தது. சுவர்ப் பக்கம் நெருக்கித் தள்ளினால் இந்தப் பக்கம் மூன்று விரல் அகலத்துக்குக் கட்டிலின் அடிப்பலகை தெரிந்தது. இந்தப் பக்கம் இழுத்தால் சுவர்ப் பக்கம் தெரிந்தது.

"அப்டி இப்டி தள்ளிக்கினே இருந்தா வளந்துடுமா அது?" என்றார் அவளுடைய புருஷன் தங்கவேல். அவர் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு தலையணைகளை அடியில் வைத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இந்தப் பாடெல்லாம் அவருக்காகத்தான்.

"நீ கொஞ்சம் வாய மூடிக்கினு இருய்யா" என்றாள் மாணிக்கம்மாள்.

ஐப்பசிக் கடைசியில், காட்டுப்பன்றிக்குக் காவல் இருந்த பரணின் கழி ஒடிந்து தங்கவேல் விழுந்தார். இடுப்பெலும்பு உடைந்தது. வேலூரில் கம்பி வைத்து, தரையில் உட்காரக் கூடாது, தரையில் படுக்கக் கூடாது, உயரமான கட்டிலில்தான் படுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். சீங்காட்டூரில் முப்பது வீடுகள். எல்லாரும் பாய் விரித்துப் படுக்கிறவர்கள். உயரமான கட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவும் தங்கவேல் வீட்டில்தான். முன்பு காட்டிலாகா பங்களாவின் பழைய சாமான்களை ஏலம் விட்டபோது அவருடைய அப்பா எடுத்துவந்தது. தேக்குக் கட்டில். நான்கு மூலையிலும் கடைசல் கால்கள் ஆள் மார்பு உயரத்துக்கு எழும்பி நிற்கும். சுற்றிலும் மூன்று விரல் உயரத்துக்குப் பலகை. அந்தப் பலகைகளுக்கு நடுவே, பெட்டிக்குள் இறங்குவதுபோல, மெத்தை இறங்கி உட்கார வேண்டும். அந்தக் காலத்தில் எந்த அளவு மெத்தைக்கு அதைச் செய்தார்களோ, அந்த அளவு இப்போது எந்தக் கடையிலும் இல்லை. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதில் யாரும் படுத்ததும் இல்லை. எலிக்கும் ஈரத்துக்கும் பயந்து சாமை மூட்டைகளை அதன்மேல்தான் அடுக்கி வைத்தார்கள். நாற்பது வருடமாகச் சாமைதான் அதில் படுத்திருந்தது.

மூட்டைகளை இறக்கிவிட்டு, நாலு கம்பளியை மடித்துப் போட்டுத் தங்கவேலைப் படுக்க வைத்தார்கள். பத்தாம் நாள் அவருடைய முதுகுக்குக் கீழே, எலும்பு துருத்தும் இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்தது. வாரத்துக்கு ஒரு நாள் மலையேறி வரும் நர்ஸ் பூவிழி அதை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு மாணிக்கம்மாளை வெளியே கூப்பிட்டாள்.

"இன்னும் தோல் வுடலம்மா. வுட்டுச்சுன்னா புண்ணு உள்ள போயிடும். நல்ல ஃபோம் மெத்தை ஆறு இஞ்சு ஒசரத்துக்குப் போடுங்க. எலவம்பஞ்சு வேணாம், இந்த ஈரத்துல கட்டி தட்டிப்போவும். கட்டிலுக்கு அளவா இருக்கணும், சந்து இருந்தா அதுல சரிவாரு. தினம் நாலு தபா எழுந்து நிக்க வைங்க. அடுத்த செவ்வாக்கெழம வந்து பாப்பேன். தோல் வுட்டிருந்தா ஆசுபத்திரிக்கு எறக்கிடணும். ஒரு மாசமாவது ஆவும்."

"நான் கூட இருக்கணுமா?"

"வேற யாரு இருப்பாங்க?"

ஒரே மகன் அஜய் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். இப்போதுதான் பதினைந்து நாள் லீவு போட்டு அப்பனை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டு திரும்பியிருந்தான். இரண்டு ஏக்கர் சாமை தலை சாய்ந்து நின்றது. இன்னும் பத்து நாளில் அறுக்காவிட்டால் மணி கொட்டிவிடும். வருடத்துக்கு வீட்டில் வேகிற சோறு அதுதான். பூவிழி சொன்ன அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் ஏழு நாள் இருந்தது. அதில் நான்கு நாள் இரண்டு மெத்தைகளுக்குச் சரியாகப் போய்விட்டது.

முதல் மெத்தை வியாழக்கிழமை வந்தது. கண்ணமங்கலத்தில் மெத்தைக் கடை வைத்திருக்கும் தேவராஜிடம் குமரேசன் வாயாலேயே சொல்லி வாங்கிவந்தது. "ஆறுக்கு நாலு, எல்லாக் கட்டிலுக்கும் அதான் அளவு" என்று தேவராஜ் சொன்னாராம். ஸ்பிரிங் மெத்தை. கடைசல் கால்கள் இடித்து, பலகைகளின் மேலேயே தங்கி, நடுவில் குழிந்து நின்றது. தங்கவேல் அதில் ஐந்து நிமிஷம் படுத்தார்; தூளியில் போட்ட மாதிரி இருக்கிறது, எடுங்கள் என்றார். ஸ்பிரிங் மெத்தையை வெட்டவும் முடியாது; அது வந்த ஜீப்பிலேயே கடைக்குத் திரும்பிப் போனது. அதனால்தான் மாணிக்கம்மாள் அன்றே அளவுக் கயிறு எடுத்தாள்.

மலையில் எதற்கும் அளவு அனுப்புவது கயிற்றில்தான். கதவுக்கு, ஜன்னலுக்கு, கூரைத் தகரத்துக்கு எல்லாம் கயிற்றில் முடிச்சுப் போட்டு ஜீப்பில் கொடுத்துவிட்டால், கீழே கடைக்காரர் முடிச்சுக்கு முடிச்சு வெட்டிக் கொடுப்பார். அடுப்புக்கு மேலே தொங்கிய கற்றாழை நார்க் கயிற்றை எடுத்து, நீளத்துக்கு ஒரு முடிச்சு, அகலத்துக்கு ஒரு முடிச்சு போட்டு வெள்ளிக்கிழமை காலையில் தம்பியிடம் கொடுத்தாள். அந்தக் கயிற்றின்படி தேவராஜ் வெட்டிய ஃபோம்தான் இப்போது நான்கு விரல் குறைந்து கிடக்கிறது.

"கயிறு எங்கடா?" என்றாள் மாணிக்கம்மாள்.

குமரேசன் ஜீப்பிலிருந்து கொண்டுவந்தான். மெத்தைமேல் வைத்துப் பார்த்தார்கள். முடிச்சுக்கு முடிச்சு இம்மி பிசகவில்லை. கட்டிலில் வைத்துப் பார்த்தார்கள். நான்கு விரல் குறைந்தது.

"முடிச்ச நவுத்திட்டியாடா?"

"யக்கா, சாமி சத்தியமா நான் தொடல. மறந்துடக் கூடாதுன்னு ஜீப்பு வெளிக் கண்ணாடில மாட்டிக்கினு போனேன். அப்டியே அவுத்து தேவராஜ் கையில குடுத்தேன்."

"அப்ப கட்டிலு வளந்துடுச்சா?"

"உங்க அக்கா அளக்க சொல்லக் கையி நடுங்கி இருக்கும், மச்சான்" என்றார் தங்கவேல். "எம்மேல அவ்ளோ பாசம்."

"இந்த ஆள இப்பவே எறக்கி ஆசுபத்திரில போட்டுட்டு வந்துடுடா. நான் நிம்மதியா சாமை அறுக்கறேன்."

கோபத்தில் கயிற்றைச் சுருட்டி அடுப்புக்கு மேலே வீசிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். கைபேசிக்கு வயலுக்கு மேலே இருக்கும் பாறையில்தான் சிக்னல் கிடைக்கும். ஒரு கையில் குடையும் ஒரு கையில் போனுமாக நின்று தேவராஜைக் கூப்பிட்டாள்.

"சீங்காட்டூர்லருந்து மாணிக்கம்மா பேசறேங்க."

"சொல்லும்மா. மெத்தை வந்து சேந்துச்சா?"

"வந்துச்சு. கட்டில்ல மெத்தையும் போட்டு, பக்கத்துல நாலு கோழியும் கட்டி வெக்கலாம். அத்தினி எடம் கீது."

"இன்னாம்மா நீ? கயித்த மூணு தபா வெச்சுப் பாத்துட்டுதான் கத்தி வெச்சேன். நான் இருவது வருசமா இந்தத் தொழில்ல கீறேன்."

"உங்க மேல தப்பு சொல்லலீங்க. கயிறு மெத்தைக்கு சரியாத்தான் கீது. கட்டிலுக்குத்தான் சரியா இல்ல."

"அப்ப கட்டிலத்தான் கேக்கணும்."

"அது பேசலியே."

மறுமுனையில் தேவராஜ் பெருமூச்சு விட்டது காற்றிலும் கேட்டது. டேப் வைத்து அளந்து இஞ்சுக் கணக்கு சொல்லு, கயிறெல்லாம் வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அடுப்பு பற்றவைக்கும்போது கயிறு கண்ணில் பட்டது. இரவெல்லாம் சூட்டில் கிடந்து காய்ந்திருந்தது. சும்மா ஒரு எரிச்சலில் எடுத்துக் கட்டிலில் பிடித்துப் பார்த்தாள். முடிச்சு சரியாகக் கால்மாட்டுப் பலகையைத் தொட்டது. அகலத்தையும் பார்த்தாள். தொட்டது.

கயிற்றை விரல்களுக்கு நடுவே உருவிப் பார்த்தாள். மழை பெய்தால் கொடிக்கயிறு விறைத்துக்கொள்ளும், வெயிலில் தொய்யும். மழை நாளில் ஆட்டுக்குட்டியின் கழுத்துக் கயிற்றைத் தளர்த்திவிடுகிறவள் அவள்தான். அடுப்புக்கு மேலே காய்ந்த கயிற்றில் அளவெடுத்து, தூறலில் ஜீப் கண்ணாடியில் தொங்கவிட்டுக் கீழே அனுப்பினால் அது சுருங்காமல் என்ன செய்யும்?

தங்கவேல் படுத்தபடியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா, கயிறு வளந்துடுச்சா?"

"நனைஞ்சிக்கினு போயிருக்குது."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இடுப்பு வலித்தது. வலியில் முனகிவிட்டு மறுபடியும் சிரித்தார். "ஊருக்கே நாத்து நடச் சொல்லித் தர்றவ" என்றார்.

"சிரி. செவ்வாக்கெழம நர்சம்மா வந்து வண்டில ஏத்த சொல்ல சிரி."

அவர் சிரிப்பை நிறுத்தினார். வேலூரில் பதினாறு நாள் இருந்தவர். பக்கத்துக் கட்டில்காரர் ஒருவர் புண் புரையோடிச் செத்ததைப் பார்த்தவர். அதைப் பற்றி அவர் வீட்டில் பேசியதில்லை. ஆனால் அன்றைக்கு அவள் சொல்லாமலேயே பல்லைக் கடித்துக்கொண்டு, முதுகில் பாரம் விழாதபடி புரண்டு படுத்தார்.

ஊரில் டேப் இருந்தது தையல் மிஷின் வைத்திருக்கும் செல்லியிடம் மட்டும்தான். அதன் முதல் மூன்று இஞ்சை எப்போதோ கன்று தின்றுவிட்டது. செல்லியே வந்து அளந்தாள். ஒவ்வொரு தடவையும் மூன்றைக் கழித்துச் சொன்னாள். நீளம் எழுபத்தொன்று. தலைமாட்டில் அகலம் நாற்பத்தைந்தரை. கால்மாட்டில் நாற்பத்து நான்கு.

"தப்பா அளந்துட்ட. திருப்பி அள" என்றாள் மாணிக்கம்மாள்.

மூன்று முறை அளந்தாள். அப்படித்தான் வந்தது. கட்டில் தலைமாட்டில் அகன்று, கால்மாட்டில் குறுகி இருந்தது. நாற்பது வருடமாக அதன்மேல் மூட்டை அடுக்கியவர்களுக்கு அது தெரியவில்லை.

மறுபடியும் பாறை. மறுபடியும் குடை.

"ரெண்டு பக்கமும் ஒரே அளவாத்தாம்மா இருக்கும்" என்றார் தேவராஜ்.

"இல்லீங்க."

"கட்டிலுன்னா நாலு மூலையும் சரியா இருக்கும்மா. முறமா அது?"

"நான் செஞ்ச கட்டிலு இல்லீங்க. செஞ்சவன் செத்து நூறு வருசம் ஆயிருக்கும். யாரப் போய்க் கேக்கறது?"

"மூலையில காலு உள்ள எவ்ளோ நீட்டிக்கினு கீது?"

அவள் அதை அளக்கவில்லை. தூறல் குடையில் சடசடத்தது. கீழே வயலில் குருவிக் கூட்டம் ஒன்று சாமையில் இறங்கியது, வாயால் விரட்டினாள். போனில் அது தேவராஜின் காதில் விழுந்தது.

"யார வெரட்டற, என்னையா?"

"குருவியங்க. சாமைய தின்னுது."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி வுடு. நாளைக்கி நானே முழு ஃபோமும் கத்தியும் எடுத்துக்கினு வர்றேன். கட்டில என் கண்ணால பாத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

திங்கட்கிழமை பதினொரு மணிக்குத் தேவராஜ் வந்து இறங்கினார். ஐம்பது வயது, தடித்த உடம்பு. ஜீப்பில் பாதி வழி வாந்தி எடுத்திருந்தார். வந்ததும் தண்ணீர்கூடக் கேட்காமல் நேராகக் கட்டிலிடம் போனார். தன்னுடைய இரும்பு டேப்பை வைத்து அளந்தார். மறுபடியும் அளந்தார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"முறந்தான்" என்றார்.

"நான் சொல்லல?" என்றாள் மாணிக்கம்மாள்.

ஃபோமை வீட்டின் நடுவில் விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, நீளக் கத்தியால் வெட்டினார். நான்கு மூலையிலும் கடைசல் கால்கள் நுழைய வளைத்து எடுத்தார். வெட்டிய தூள் எங்கும் பறந்தது; கோழிகள் அதைக் கொத்திப் பார்த்துத் துப்பின. உறை தைக்க நேரமில்லை. செல்லி இரண்டு பழைய புடவைகளை மூட்டி இழுத்துத் தைத்தாள். ஒரு மணிக்கு மெத்தை கட்டிலுக்குள் இறங்கியது. ஒரு விரல்கூட நுழையாத அளவுக்குச் சரியாக உட்கார்ந்தது. தேவராஜ் அதன்மேல் உள்ளங்கையால் தட்டினார்.

"இன்னா, பாத்தியா?"

ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்கிற நிம்மதியில் எல்லாரும் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்டார்கள். தேவராஜ் இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டார். இரண்டாவது மெத்தையைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகவும் ஒப்புக்கொண்டார். நேற்று அதைத் தன் ஜீப்பின் பின்சீட்டில் போட்டதிலிருந்து ஜனங்கள் அந்த இடத்துக்கு அடித்துக்கொள்கிறார்கள் என்றும், அதைத் தனக்கே விட்டுவிட வேண்டும் என்றும் குமரேசன் கேட்டான்.

அப்புறம் தங்கவேலைப் படுக்க வைத்தார்கள். "ம்" என்றார். அதற்குமேல் அவரிடம் எதிர்பார்க்க முடியாது. கொஞ்ச நேரம் கழித்து, நிற்க வைக்கலாம் என்று ஓரமாகத் திருப்பி உட்கார வைத்தார்கள். கால்கள் தரையைத் தொடவில்லை. பாதத்துக்கும் தரைக்கும் நடுவே அரைச் சாண் இருந்தது. கம்பளியில் படுத்தபோது தொட்ட தரைதான். ஆறு இஞ்சு ஃபோம் ஏறியதில் அவர் தேரில் வைத்த சாமி மாதிரி அந்தரத்தில் உட்கார்ந்திருந்தார்.

குமரேசன் முதலில் சிரித்தான். அக்காளின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

"குதிச்சி எறங்கட்டுமா?" என்றார் தங்கவேல்.

"மெத்தைய ஒசரத்துல பாதியாக் கிழிக்க முடியாதாங்க?" என்று மாணிக்கம்மாள் தேவராஜைக் கேட்டாள்.

"அதுக்கு மிசினு வேணும்மா. கையால கிழிச்சா மேடும் பள்ளமுமாப் போய்டும். இவுரு முதுகு தாங்காது."

"கட்டிலு கால அறுத்துடலாம்" என்றான் குமரேசன்.

"எவன்டா அவன்?" தங்கவேலின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "எங்கப்பன் தலைல தூக்கிக்கினு வந்த கட்டிலு. கால அறுக்கறியா? எங்கால வேணா அறு. ஏற்கெனவே பாதி ஒடஞ்சிதான் கீது."

"ஒரு கல்லு போட்டு அதுமேல கால வெக்கட்டும்" என்றார் தேவராஜ்.

"கல்லுமேல நின்னு, கல்லுலருந்து எறங்க சொல்ல வுழட்டும்" என்றாள் மாணிக்கம்மாள். "அப்புறம் இன்னொரு இடுப்பு எங்க வாங்கறது? உங்க கடைல கெடைக்குமா?"

அவள் எழுந்து வெளியே போனாள். மறுபடியும் பாறைக்குப் போகிறாளோ என்று நினைத்தார்கள். கடப்பாரையும் மண்வெட்டியுமாகத் திரும்பி வந்தாள்.

"மாமாவ நாக்காலில உக்கார வைடா. கட்டில நவுத்து."

"இன்னாக்கா பண்ணப் போற?"

"தரைய வெட்டப் போறேன். மெத்தையும் கொறையாது, கட்டிலும் கொறையாது. வூடு நம்முளுதுதானே, இது சொன்ன பேச்சு கேக்கும்."

சாணி மெழுகிய செம்மண் தரை. கட்டில் கால் நின்ற நான்கு இடங்களிலும் அடையாளம் வைத்துக் கட்டிலை நகர்த்தினார்கள். முதல் குழி சுலபமாக வந்தது. இரண்டாவதும் வந்தது. அடியில் பலகைக்கல் ஒன்றைப் போட்டுச் சமம் செய்தாள். மூன்றாவது குழியில் நான்கு விரல் ஆழத்தில் கடப்பாரை டங்கென்று எகிறியது. பாறை. மலையின் மேல்தான் வீடு கட்டியிருக்கிறோம் என்பதை அது நினைவூட்டியது. தேவராஜ் தலையில் கை வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு அடி மேக்கால தள்ளு" என்றார் நாற்காலியிலிருந்து தங்கவேல். "அங்க பாற இருக்காது. வூடு கட்ட சொல்ல நான்தான் மண்ணு போட்டேன்."

"இத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?"

"நீ எங்கியா என்னக் கேட்ட?"

அவள் கடப்பாரையைத் தரையில் ஊன்றி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மேற்கே நகர்ந்து, புதிதாக நான்கு குழிகளை வெட்டினாள். நடுவில் கை கொப்புளித்தபோது குமரேசன் வாங்கிக்கொண்டான். அவன் வெட்டியது கோணலாகப் போனது. மறுபடியும் அவளே பிடுங்கிக்கொண்டாள். தேவராஜ் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு மண்ணைக் கூடையில் அள்ளி வெளியே கொட்டினார். கண்ணமங்கலத்தில் அவருடைய கடை அன்று முழுக்கத் திறக்கவில்லை. ஐந்து மணிக்கு மூன்று பேருமாகக் கட்டிலைத் தூக்கி, ஒன்று, ரெண்டு என்று எண்ணிக் குழிகளில் இறக்கினார்கள். சுற்றிலும் மாணிக்கம்மாள் மண் போட்டு இடித்து இறுக்கினாள். தேவராஜ் தன் போனில் இருந்த நீர்மட்டத்தை வைத்துப் பார்த்து, ஒரு காலுக்கு அடியில் மட்டும் ஓட்டுச் சில்லு வைக்கச் சொன்னார். அதற்காக மறுபடியும் தூக்கினார்கள்.

"இனி இந்தக் கட்டில எவனாலயும் நவுத்த முடியாது" என்றார் அவர், மூச்சு வாங்க.

"இத்தோட தொலஞ்சுது" என்றாள் மாணிக்கம்மாள்.

தங்கவேலை உட்கார வைத்தார்கள். இரண்டு பாதங்களும் தரையில் முழுசாகப் பதிந்தன.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் பூவிழி வந்தாள். கட்டில் குட்டையாகிப் போனதைக் கவனித்தாள், கேட்கவில்லை. தங்கவேலைப் புரட்டி, முதுகுக்குக் கீழே விரலால் அழுத்தினாள். மாணிக்கம்மாள் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூவிழி விரலை எடுத்து, அழுத்திய இடம் நிறம் திரும்புவதைப் பார்த்து, இன்னொரு தடவை அழுத்தினாள்.

"தோல் வுடல. செவப்புகூட கொறஞ்சுகீது. இதே மாரி பாத்துக்கங்க. எறக்க வேணாம்."

மாணிக்கம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள். கையிலிருந்த கொப்புளத்தை முந்தானையில் துடைத்தாள்.

"எழுந்து நில்லுங்க ஐயா, நடக்கறீங்களான்னு பாக்கறேன்."

தங்கவேல் கால்களைத் தரையில் ஊன்றி, வேலூரில் கொடுத்தனுப்பிய நாலு கால் நடைக்கம்பியைப் பிடித்து, யாரும் தொடாமல் எழுந்தார். ஒரு அடி. இன்னொரு அடி. வாசல்வரை போக ஐந்து நிமிஷம் ஆனது. நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார். தூறல் விட்டு, வெயில் வந்திருந்தது. மேட்டு வயலில் சாமைக் கதிர்கள் தலை கவிழ்ந்து நின்றன. குருவிகள் கும்பலாக எழுந்து கும்பலாக இறங்கின. விழுந்த நாளுக்குப் பிறகு அவர் அந்த வயலைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பாமலேயே கத்தினார்.

"ஏமே, இன்னும் ஒரு கைப்பிடி கூட அறுக்கல! இத்தினி நாளா வூட்டுல இன்னாத்தப் பண்ணிக்கினு இருந்த?"

மாணிக்கம்மாள் அரிவாளை எடுத்துக்கொண்டு அவரைச் சுற்றி வெளியே வந்தாள்.

"கட்டிலப் பொதச்சிக்கினு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போனாள்.